சங்கரேஸ்வரி அருவி கொடுக்காத பாட்டு

தென்காசியில் சங்கரேஸ்வரியின் முகத்தை அறிந்தவர்கள் குறைவு. குரலை அறியாதவர்கள் இல்லை. ஆடித் தள்ளுபடி, புதுக் கடை திறப்பு, இலவசக் கண் பரிசோதனை என்று ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகுமே, அந்தக் குரல் அவளுடையது. வெண்கலமும் வெல்லமும் கலந்த குரல். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும் காதில் கொஞ்ச நேரம் நிற்கும்.

அந்தக் குரலுக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. கூட்டத்தின் முன் நேரடியாக மைக்கில் பேசாது; மூடிய அறையில் பதிவு செய்து கொடுப்பதோடு சரி. அடுத்தது, ஆள் பெயர் எதையும் சொல்லாது. கோயில் கொடை விழாவுக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்களை வாசிக்கக் கூப்பிட்டால், "தொண்டை சரியில்லைங்க" என்பாள். வருடம் முழுவதும் சரியாக இருக்கும் தொண்டை அன்றைக்கு மட்டும் கெட்டுப்போகும். வீட்டில்கூட அடுத்த அறையில் இருக்கும் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். எழுந்து போய்த் தோளைத் தொடுவாள். மகன் சந்தோஷ்குமார் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். தொட முடியாத தூரம்.

கணவர் இசக்கியப்பன் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே மினி பஸ் ஓட்டுகிறார். "எம் பொண்டாட்டிக்குக் குரல்ல கர்வம்" என்று கண்டக்டரிடம் சொல்லிச் சிரிப்பார். அது கர்வம் இல்லை, பயம் என்பது இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த அவருக்கே தெரியாது.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு ஒரு புதுப் புகழும் வந்திருந்தது. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் ஸ்டான்லி என்பவன் யூடியூப் சேனல் நடத்துகிறான். விளம்பரம் பதிய வந்த சங்கரேஸ்வரி, அங்கே ஓடிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பாட்டு ஒன்றைப் பார்த்து, "இந்தப் பய அழுதானா, இல்ல மூக்கு அடைச்சிருக்கா?" என்று கேட்டதை அவன் விளையாட்டாகப் பதிவு செய்து போட்டான். ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாரம் ஒரு பாட்டு. உலகத்துப் பாட்டையெல்லாம் நெல்லைத் தமிழில் விமர்சனம் செய்கிற அக்கா என்று பெயர் வந்தது.

அவளுடைய விமர்சனத்தில் மதிப்பெண் கிடையாது. குற்றாலத்து அருவிகள்தான். சுமாரான பாட்டுக்குச் சிற்றருவி, கொஞ்சம் தேவலாம் என்றால் புலியருவி, நல்ல பாட்டுக்கு ஐந்தருவி. மனசை அடித்துப்போடுகிற பாட்டுக்குத்தான் பேரருவி. இரண்டு வருடத்தில் நாலே நாலு பாட்டுக்குத்தான் பேரருவி கொடுத்திருந்தாள்.

வருடா வருடம் ஒரு சர்வதேசப் பாட்டுப் போட்டி நடக்கும். நாற்பது நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பும். புகையும் நெருப்புமாக ஒரு மேடை போட்டு, உலகமே போனில் ஓட்டுப் போடும். அந்தச் சமயத்தில்தான் ஸ்டான்லியின் சேனலுக்குத் திருவிழா. இந்த வருடம் மே மாதக் கடைசியில், சங்கரேஸ்வரி மாடி ஏறி வந்ததும் அவன் குதித்தான்.

"யக்கா, ஜாக்பாட்டு! அங்கிட்டு எங்கயோ பனி நாட்டுக்காரி ஒருத்தி பாடியிருக்கா. இதுதான் ஜெயிக்கும்னு எல்லாரும் சொல்லுதாங்க. அதுல நம்ம தமிழ் வருதுக்கா! உலக மேடைல தமிழு! கேட்டுட்டுப் பேரருவி கொடுக்கீங்க. நான் இப்பமே தலைப்பு எழுதி வச்சிட்டேன்."

"கேக்கதுக்கு முன்னாலயே கொடுத்தா அது விமர்சனமாலே? மொய்யி" என்று சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் தண்ணீர் விழும் இரைச்சல். அதன் மேல் குழாய் ஸ்பீக்கர் கீச்சிடும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், கிழிந்த துணி காற்றில் படபடப்பது மாதிரி.

"மயிலூ... ஏ மயிலூ..."

உடனே டிரம் அதிர்ந்தது. வெள்ளிச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி ஆடிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பல்லவி முடிவிலும் அந்தக் குரல் திரும்ப வந்தது. மயிலூ. மயிலூ. மயிலூ. வெட்டி ஒட்டி, வேகம் கூட்டி, தாளத்துக்குள் அடைத்திருந்தார்கள்.

சங்கரேஸ்வரி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எப்படிக்கா?" என்றான் ஸ்டான்லி.

"தொண்டை சரியில்லலே. நாளைக்கு வாரேன்" என்று எழுந்து படி இறங்கிவிட்டாள்.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அந்த மைக்கையும் தெரியும். அந்த மைக், அந்த நிமிடத்துக்கு முன்வரை அவள் கையில்தான் இருந்தது.

பதினான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. சாரல் சீசன் உச்சத்தில் இருந்தது. பேரருவிக்கு எதிரே போட்டிருந்த தகர ஷெட்டில், காணாமல் போனவர்களைப் பற்றி அறிவிக்கும் வேலை சங்கரேஸ்வரிக்கு. சீசனுக்கு மட்டும் ஒரு ஒப்பந்தக்காரர் கொடுத்த வேலை. தலை துவட்டாத கூட்டத்தில் பிரிந்துபோன தகப்பன்மாரையும் பிள்ளைகளையும் அவள் குரல் நிமிடத்தில் சேர்த்துவைக்கும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு ஒரு விதியும் வைத்திருந்தாள். செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முந்தின வாரம் யாரோ "குட்டி" என்று எழுதிக் கொடுக்க, அதை அறிவித்ததும் பதினைந்து தாய்மார் ஷெட்டுக்கு ஓடிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து முழுப் பெயர், வயது, சட்டை நிறம், சொந்த ஊர். அவ்வளவுதான்.

சுரண்டையிலிருந்து வந்திருந்த குடும்பம் அது. நெல் விவசாயிகள். தகப்பன் சிவனணைந்தபெருமாள் மூச்சு வாங்க வந்து எழுதிக் கொடுத்தான். பெயர் உலகம்மாள், வயது மூன்று, மஞ்சள் கவுன். அவன் தாயின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருந்தான். அந்தப் பாட்டியும் ஈரச் சேலையோடு பக்கத்தில் நின்றாள். பின்னால் நின்ற பிள்ளையின் தாய் மாரித்தாய்க்கு அப்போது இருபத்துநாலு வயது. மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. மயிலு என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் எல்லாருக்கும் அதுவே பழகிவிட்டது.

அவள் மாமியார் காதில் விழாமல் மேசையருகே குனிந்தாள்.

"யக்கா, அந்தப் பேரச் சொன்னா அவளுக்குத் தெரியாது. மயிலுன்னு கூப்பிடுங்க."

"மைக்ல அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. நீங்க அந்தால தள்ளி நில்லுங்க" என்றாள் சங்கரேஸ்வரி.

நாற்பது நிமிடம் அவள் அழைத்தாள். திருத்தமான தமிழில், தேன் சொட்டும் குரலில். "சுரண்டையைச் சேர்ந்த உலகம்மாள் எங்கிருந்தாலும் உடனடியாகத் தகவல் மையத்துக்கு வரவும்." தென்காசியில் குடியிருக்கும் அம்மனே உலகம்மைதான். தெருவுக்கு நாலு உலகம்மாள் உள்ள ஊர். அந்த நாற்பது நிமிடத்தில் ஷெட்டுக்கு ஐந்து உலகம்மாள்கள் வந்தார்கள். "என்னையவா கூப்பிட்டிய?" என்று ஒரு கிழவி கேட்டாள். "எம் புருசன் எங்கனயாவது விழுந்துட்டாரா?" என்று இன்னொருத்தி அலறினாள். அந்தச் சின்ன உலகம்மாள் மட்டும் வரவில்லை.

அதற்கு மேல் மாரித்தாய் பொறுக்கவில்லை. மாமியார், புருஷன், போலீஸ்காரர் என்று யாரையும் பார்க்கவில்லை. பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள். அருவி இரைச்சலையும் மீறி அந்தக் கூப்பாடு குற்றாலம் முழுக்கக் கேட்டது.

"மயிலூ... ஏ மயிலூ... அம்மா இங்கன நிக்கேன்... தகரக் கொட்டாய்க்கு வாட்டீ..."

பிள்ளை கிடைக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று முடிவு செய்தார்கள்.

இத்தோடு போயிருந்தால் அது ஒரு சோகம். எங்கோ ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பயணி யாரோ, அந்தக் குரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனது ஒரு விதி. ஆனால் சங்கரேஸ்வரியின் நெஞ்சில் வேறொன்று கிடந்தது.

மறுநாள் காலை, வேர்க்கடலை விற்கும் சுப்பு ஷெட்டுக்கு வந்தார். கூடையை இறக்காமலே பேசினார்.

"தாயி, நேத்து மஞ்சக் கவுன் போட்ட பிள்ள ஒண்ணு உன் குழாய் ஸ்பீக்கர் கட்டுன கம்பத்துக்குக் கீழதான் நின்னுச்சு. நீ சொல்லுததக் கேட்டு நானும் போயி, 'ஒம் பேரு உலகம்மாளாம்மா?'ன்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டிச்சு. கைல கொஞ்சம் கடலை கொடுத்தேன். தின்னுக்கிட்டே வேன் நிக்கிற பக்கமா நடந்து போயிருச்சு. அதுக்குப் பொறவுதான் அந்தப் பொம்பள மைக்கப் பிடுங்கிக் கத்துனா. அதுவா இருக்குமோ?"

சங்கரேஸ்வரி மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"போலீசுல சொல்லணுமா தாயி? என்னையப் பிடிச்சி உக்கார வச்சிருவாவளே. எனக்கு மூணு பொட்டப் பிள்ளைய."

அவர் பயந்தார். அவளும் பயந்தாள். ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தாள். ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு சொன்னால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் சேர்ந்துகொண்டது. இப்படித்தான் பதினான்கு வருடங்கள் ஆயின. சுப்பு இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். அந்தப் பிள்ளை தண்ணீரில் போகவில்லை, நிலத்தில் நடந்து போனாள் என்பது இந்த உலகத்தில் சங்கரேஸ்வரி ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக ஆகிவிட்டது.

பாட்டு பரவியது. இந்த வருடம் சாரல் சீக்கிரமே இறங்கிவிட்டது. இசக்கியப்பனின் மினி பஸ்ஸில் அந்தப் பாட்டு. டீக்கடையில் அந்தப் பாட்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் மணியும் அதுவே. சமையலறையில் அரிசி களையும்போது சன்னல் வழியாக வரும்: மயிலூ. அவள் தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தம் சேர்ந்ததும் அந்தக் குரல் இன்னும் உயிர்பெற்று நிற்கும்.

ஒரு நாள் தாங்க முடியாமல் பேரருவிக்கே போனாள். அங்கே மதுரைப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், பாறை மேல் ஒரு ஸ்பீக்கரை வைத்து, எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆடிக்கொண்டிருந்தார்கள். "மயிலூ..." என்று ஸ்பீக்கர் கத்த, "ஏய்!" என்று அவர்கள் கத்தினார்கள். அதே பாறை. அதே தண்ணீர். பதினான்கு வருடம் உலகத்தைச் சுற்றிவிட்டு அந்தக் கூப்பாடு புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தது. குளித்துக் கரையேறிய பெண்களின் நடுவே ஒரு மஞ்சள் கவுன் தெரிந்தது. சங்கரேஸ்வரி ஓடினாள். அது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவளை விநோதமாகப் பார்த்தது.

அன்று மாலை ஸ்டான்லி போன் செய்தான். "யக்கா, சனிக்கிழமை ஃபைனலு. வெள்ளிக்கிழமைக்குள்ள விமர்சனம் போடலன்னா நாம அம்பேல்."

"வெள்ளிக்கிழமை வாரேன். அதுக்கு முன்ன ஒரு எடத்துக்குப் போகணும்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலை சுரண்டை பஸ்ஸில் ஏறினாள்.

மாரித்தாயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. புருஷன் இறந்த பிறகு அவள் ஒரு மாவு மில்லில் வேலை பார்க்கிறாள் என்று சந்தையில் சொன்னார்கள். மில்லின் இரைச்சல் தெருவிலேயே கேட்டது. உள்ளே புருவம், இமை, காதோரம் எல்லாம் மாவு படிந்த ஒரு பெண் மிளகாயா அரிசியா என்று வாடிக்கையாளரின் வாய் அசைவைப் பார்த்தே புரிந்துகொண்டு வேலை செய்தாள். முப்பத்தெட்டு வயதுதான். பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

கடைசி ஆளும் போன பிறகு மில்லை நிறுத்தினாள். "என்ன அரைக்கணும்?"

"அரைக்க வரல தாயி. ஒரு பாட்டு கேக்கியா?"

"பாட்டா? நல்லாக் கேட்டிய. காது ரெண்டும் மந்தம் எனக்கு" என்று சிரித்தாள். இருந்தாலும் போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இது யாருக்கா? எங்கம்மா குரல் மாதிரி இருக்கு. அவ செத்து இருவது வருசம் ஆச்சே."

"உங்கம்மா இல்லம்மா. நீதான்."

மாரித்தாய் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். திரையில் வெள்ளிச் சட்டைக்காரி ஆடிக்கொண்டிருந்தாள். சங்கரேஸ்வரி அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் யார் என்பதை. தள்ளி நில்லு என்று சொன்னதை. சுப்பு வந்ததை. கம்பத்துக்குக் கீழே நின்ற பிள்ளையை. தலையை ஆட்டியதை. கடலையை. நடந்து போனதை.

கேட்டு முடித்ததும் மாரித்தாய் போய் மில்லை ஓடவிட்டாள். அரைக்க ஒன்றும் இல்லாத வெறும் மில். அது தடதடவென்று கட்டடத்தையே உலுக்கியது. அதன் முன்னால் நின்று அவள் வாய் திறந்து எதையோ கத்தினாள். சாபமா, அழுகையா, பிள்ளையின் பெயரா? சங்கரேஸ்வரிக்கு எதுவும் கேட்கவில்லை. வெள்ளை முகத்தில் கண்ணீர் இரண்டு கோடுகளாகத் தோல் நிறத்தைத் திறந்துகொண்டு இறங்குவது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மில் நின்றது.

"அப்போ தண்ணி எடுக்கல" என்றாள் மாரித்தாய்.

"இல்ல தாயி."

"எம் புருசன் சாகுத வரைக்கும் ஆடி அமாவாசைக்கு அவளுக்கு எள்ளுந் தண்ணியும் விட்டாரே. நான் வேண்டாம் வேண்டாம்னு அழுதேனே. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு விட்டிருக்க மாட்டாருல்லா."

சங்கரேஸ்வரி தலையைத் தூக்கவில்லை. "என்னைய அடிச்சிரு."

"அடிச்சா?" மாரித்தாய் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். போனை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு திடீரென்று கேட்டாள். "இத எத்தன பேரு கேக்காவ?"

"கோடிப் பேரு."

"எல்லா ஊருலயுமா?"

"எல்லா ஊருலயும்."

"அவளுக்கு இப்பம் பதினேழு வயசு. பாட்டு கேக்க வயசுதானக்கா?" மாரித்தாயின் கை சங்கரேஸ்வரியின் மணிக்கட்டை இறுக்கியது. "நீ அன்னைக்கு என்னையப் பேச விட்டிருக்கணும். விடல. இப்பம் நீ பேசு. எனக்காகப் பேசு. நான் எங்கன இருக்கேன்னு அவளுக்குச் சொல்லு."

வெள்ளிக்கிழமை சங்கரேஸ்வரி நேரலையில்தான் பேசுவேன் என்றபோது ஸ்டான்லி வாயைப் பிளந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தான்.

"யக்கா, நீங்க என்ன சொல்லுதியன்னு தெரிஞ்சிதான் சொல்லுதியளா? பெருமையா ஒரு வீடியோ எதிர்பாத்துக்கிட்டு இருக்கானுவ. நீங்க போயி நாந்தான் தப்பு பண்ணேன்னு சொன்னா கமெண்டுல உரிச்சிருவானுவ. கேசு கீசு ஆச்சின்னா?"

"ஆவட்டும்."

"அண்ணாச்சிட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல. அவுகளும் இதுலயே கேக்கட்டும். தனியாச் சொன்னா என்னைய வெளிய விட மாட்டாவ."

ஸ்டான்லி ஜன்னலைச் சாத்தினான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பதினான்கு வருடங்களுக்குப் பிறகு அவள் உயிருள்ள மைக்கின் முன் உட்கார்ந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"எல்லாரும் நல்லா இருக்கியளா? இன்னைக்கு இந்த மயிலுப் பாட்டு. மெட்டு நல்ல மெட்டு. பாடுத பிள்ளைக்கு மூச்சு நல்லா நிக்குது. அது மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல. தாளம் ஆளை எந்திரிச்சி ஆடச் சொல்லுது. ஆனா நடுவுல வருதே ஒரு குரலு, அத நீங்க பாட்டுன்னு நினைக்கிய. அந்தப் பிள்ளையும் அருவிக்கரையில யாரோ பாடுதாவன்னு நினைச்சிருக்கும். அது பாட்டு இல்லய்யா. ஒரு தாய் தொலைஞ்ச பிள்ளையக் கூப்பிடுதா."

அவள் தொடர்ந்தாள். மைக் யார் கையில் இருந்தது என்பதையும், அதை ஏன் பிடுங்க வேண்டிவந்தது என்பதையும், கம்பத்துக்குக் கீழே நின்ற பிள்ளையையும் ஒன்று விடாமல் சொன்னாள். குரல் ஓரிடத்தில் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை.

"விமர்சனம் பண்ண வந்தவ பண்ணிட்டே போறேன். இந்தப் பாட்டுல ஒரே ஒரு குறைதான். கூப்பிடுது. எங்கன வரணும்னு சொல்லல. பெத்தவ சொன்னா. 'அம்மா இங்கன நிக்கேன்'னு சொன்னா. தாளத்துக்கு இடிக்குதுன்னு அத வெட்டிட்டாவ. நான் ஒட்டுதேன். ஏட்டி மயிலு, உங்க அம்மா இப்பம் தகரக் கொட்டாய்ல இல்ல. சுரண்டையில ஒரு மாவு மில்லுல நிக்கா. போன் நம்பர் கீழ போட்டிருக்கு. உன் பேரு உலகம்மாள்னு நான் நாப்பது நிமிசம் பொய் சொன்னேன். நீ மயிலுதான். இந்தப் பாட்டுக்கு நான் எந்த அருவியும் கொடுக்கல. கொடுக்க எனக்கு யோக்கியதை இல்ல."

அன்று இரவுக்குள் அந்த வீடியோவை ஆங்கில எழுத்து போட்டு யாரோ உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இறுதிப் போட்டியில் வெள்ளிச் சட்டைக்காரி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாள். சாதாரணக் கறுப்பு உடை. ஆடவில்லை. கடைசியில் டிரம்மை நிறுத்திவிட்டு, வெட்டாத குரலை முழுசாக ஓடவிட்டாள். நாற்பது நாட்டுக்காரர்கள் இருந்த அரங்கத்தில், "அம்மா இங்கன நிக்கேன்" என்று மாரித்தாய் கூப்பிட்டது தனியாக நின்றது. பாட்டுக்கு ஆறாவது இடம்தான் கிடைத்தது.

சங்கரேஸ்வரிக்குக் கிடைத்தது வேறு. கொலைகாரி என்று எழுதினார்கள். துணிக்கடைக்காரர் ஆட்டோவில் அவள் குரலை நிறுத்தச் சொல்லிவிட்டார். காவல் நிலையத்தில் இரண்டு நாள் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். இசக்கியப்பன் ஐந்து நாள் அவளோடு பேசவில்லை. ஆறாவது நாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏளா, தூக்கத்துல நீ 'இல்ல, இல்ல'ன்னு தலைய ஆட்டுவ. நான் பேய்க்கனவுன்னு நினைச்சி எத்தன தடவ திருநீறு பூசியிருக்கேன். ஒரு நாளு எழுப்பிக் கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து அவளைத் தன் மினி பஸ்ஸில் ஏற்றி, சுரண்டை பஸ் பிடிக்கும் இடத்தில் இறக்கிவிட ஆரம்பித்தார். வாரம் மூன்று நாள் அவள் மாரித்தாயின் மில்லுக்குப் போனாள். போன் எடுக்க ஆள் வேண்டியிருந்தது.

போன்கள் வந்தபடி இருந்தன. விளையாட்டுக்குச் சிலர். குடித்துவிட்டுச் சிலர். ஆறுதல் சொல்லப் பலர். நான்தான் மயிலு என்று அழுத நாற்பது வயதுக்காரி ஒருத்தி. ஒரு மாதத்தில் எல்லாம் அடங்கிப்போயின. ஒன்று மட்டும் அடங்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில், மாலை நாலு மணி சுமாருக்கு ஒரு போன் வரும். எடுத்து ஸ்பீக்கரில் போட்டால் பேச்சிருக்காது. மூச்சு மட்டும். தள்ளிப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும். ஒரு நாள் யாரோ தூரத்தில் அதட்டினார்கள். என்ன மொழி என்று பிடிபடுவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. வரும் எண் வாரா வாரம் வேறாக இருந்தது. திரும்பக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. காவல் துறையில் கொடுத்த எண்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. மாரித்தாய் ஒவ்வொரு தடவையும் பேசுவாள். "சாப்பிட்டியாட்டி?" என்பாள். "இங்கன இன்னைக்கு நாலு மூடை ஓட்டினேன்" என்பாள். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு வைத்துவிடும்.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை சங்கரேஸ்வரி மில்லில் இருந்தாள். வாசலில் வாடிக்கையாளர்கள் வாளியும் பையுமாக நின்றார்கள். மாரித்தாயின் இரண்டு கையும் மாவுக்குள் இருந்தபோது போன் அடித்தது. அவள் முழங்கையால் மில்லை நிறுத்தினாள்.

"நீ எடுக்கா" என்றாள் மாரித்தாய்.

"நானா? வேண்டாம் தாயி. என் குரலக் கேட்டுப் பயந்துட்டா?"

"எடு. வச்சிரப் போறா." பிறகு மாவுக் கையோடு அருகில் வந்து அவள் காதோரம் சொன்னாள். "பேரு என்னன்னு மட்டும் கேட்டுராத."

சங்கரேஸ்வரி போனைக் காதில் வைத்தாள். அதே மூச்சு. அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. யாரும்மா நீ, எங்க இருக்க, உன் வயசு என்ன, உன்னைய யார் வளத்தாங்க. எல்லாவற்றையும் விழுங்கினாள். மூச்சுக்குப் பின்னால் ஓட்டிலோ தகரத்திலோ தண்ணீர் விழும் சத்தம் மெல்லக் கேட்டது. வாசலில் நின்றவர்கள்கூடப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

"அங்கன மழையாம்மா?" என்றாள் சங்கரேஸ்வரி.

அவள் காத்திருந்தாள். மறுபடி கேட்கவில்லை.

"ஆமா" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "காலையில இருந்து."